தாத்தாவோட பழைய ஏர்கன்: பிஸ்டன் வாஷரை வீட்டு லேத்துலயே பண்ண முடியுமா?

பீளமேட்டுப்பையன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நம்ம வீட்டுல தாத்தா காலத்து ஏர்கன் ஒண்ணு இருக்கு, பேரலை மடக்கி ரவை போடுற டைப், துவாரம் 0.177 இன்ச் தான், பீச்சுல பலூன் சுடறதுக்கு வச்சிருப்பாங்களே அந்த மாதிரி, ஆனா கட்டை மட்டும் நல்ல கட்டை, தாத்தா வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு எண்ணெய் போட்டு துடைச்சு சந்தனம் வச்சு வைப்பார். 2008ல பீஜிங்ல அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைபிள்ல தங்கம் வாங்கினாரே, அன்னிக்கு சாயந்திரம் தாத்தா இதை எடுத்து மொட்டை மாடியில தீப்பெட்டி நிக்க வச்சு எங்க எல்லாருக்கும் ஆளுக்கு மூணு ரவை சுட குடுத்தார், அதுதான் நான் அதை கடைசியா ஒழுங்கா வேலை செஞ்சு பார்த்தது. அவர் போயி இப்ப அஞ்சு வருஷம் ஆச்சு. போன மாசம் எடுத்து பார்த்தா டொப்புனு சத்தம் வருது ஆனா ரவை பத்தடி தாண்ட மாட்டேங்குது, ஒரு தடவை பேரல்லயே நின்னுபோச்சு, குச்சி விட்டு தள்ளி எடுத்தேன்.

சரி நம்மகிட்டதான் கார் ஷெட்டுல 7க்கு 14 இன்ச் சைனா மினி லேத் (சின்ன கடைசல் மிஷின்) இருக்கேன்னு பிரிக்க ஆரம்பிச்சேன். முதல் தப்பு அங்கயே. பின்பக்கம் ட்ரிகர் பிளாக்கை பிடிச்சிருக்கிற பின்னைத் தட்டினேன், உள்ள ஸ்பிரிங் அமுங்கி நிக்குதுன்னு தெரியும் ஆனா இவ்ளோ வேகம் இருக்கும்னு தெரியலை, பிளாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்து பாய்ஞ்சு ஷெட்டு கூரை ஷீட்டுல ஓட்டை போட்டுடுச்சு. மூஞ்சி அந்தப்பக்கம் இருந்ததால தப்பிச்சேன்.

உள்ள பார்த்தா பிஸ்டன் முனையில தோல் வாஷர் இருந்த இடத்துல கறுப்பா பொடிதான் இருக்கு, வெரல்ல தேய்ச்சா கரி மாதிரி ஒட்டுது. சிலிண்டர் உள் விட்டம் வெர்னியர் அளவுகோல்ல 25.4 மிமீ, சரியா ஒரு இன்ச். நைலான் ராடு வாங்கி 25.38க்கு கடைஞ்சு வாஷர் பண்ணி போட்டேன், ஒரு வாரம் ஜோரா ஓடுச்சு, அப்புறம் இந்த ஐப்பசி மழை பிடிச்சதும் பிஸ்டன் நடுவுலயே இறுகி நின்னுபோச்சு. தட்டி வெளிய எடுக்கறதுக்குள்ள சிலிண்டர்ல லேசா கீறல் வேற விழுந்துடுச்சு.

இப்ப என் சந்தேகம் எல்லாம் இதுதான். வாஷருக்கு எந்த மெட்டீரியல்? தோல்தான்னா அந்தக் கிண்ணம் மாதிரி ஷேப் எப்படி கொண்டுவர்றது? அதுக்கு டை (தோலை அமுக்கற அச்சு) பண்ணலாம்னு போரிங் போட்டு, அதாவது துவாரத்தை உள்பக்கமா கடைஞ்சு பார்த்தேன், என் லேத் கீய்ய்ய்னு கத்துது, உள்பக்கம் முழுக்க அலை அலையா வருது, அது ஏன்? ஸ்பிரிங் ரெண்டு இன்ச் சுருங்கின மாதிரி இருக்கு, கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங் போடலாமா? பெரியவங்க யாராவது சொல்லுங்க, இதை நல்லபடியா ஓட வச்சு அப்பா கையில குடுக்கணும்னு ஆசை.

---

சாணக்கல் எழுதினது:

தம்பி, நான் கோயமுத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில 34 வருஷம் டர்னரா இருந்து ரிடையர் ஆனவன். துப்பாக்கி பத்தி எனக்கு பெருசா தெரியாது, ஆனா பிஸ்டனும் வாஷரும் தெரியும், அது அடிபம்ப்புல இருந்தாலும் ஸ்டவ்வுல இருந்தாலும் உங்க ஏர்கன்ல இருந்தாலும் ஒரே கதைதானுங்க.

முதல்ல நைலான் ஏன் இறுகுச்சுன்னு சொல்றேன். நைலான் ஈரத்தை குடிக்கும். காத்துல இருக்கற ஈரத்தையே உறிஞ்சி பெருத்துக்கும், ஒரு இன்ச் விட்டத்துக்கு கால் சதவீதம் பெருத்தாலே 6 பாயிண்ட் ஆச்சு (ஒரு பாயிண்ட்னா மிமீல நூத்துல ஒரு பங்கு), நீங்க விட்டிருக்கற இடைவெளியே 2 பாயிண்ட். வெயில் காலத்துல கடைஞ்சதை மழைக்காலத்துல போட்டா அப்படித்தான் பிடிக்கும். அதை விட பெரிய விஷயம், வாஷர்ங்கறது உருளையா நெகுநெகுன்னு பொருந்தி நிக்கற சாமான் இல்லைங்க. அது கிண்ணம். காத்து அமுங்கும்போது கிண்ணத்தோட விளிம்பு விரிஞ்சு சுவத்துல ஒட்டணும், அழுத்தம் போனதும் சுருங்கி வழுக்கிட்டு வரணும். பழைய பம்ப் ஸ்டவ் கழட்டி பார்த்திருந்தீங்கன்னா தெரியும், பெட்ரோமாக்ஸ் லைட்டுலயும் அதேதான், சைக்கிளுக்கு காத்தடிக்கற பம்ப்புலயும் அதேதான். ரோட்டோரம் நிக்குதே இந்தியா மார்க் 2 அடிபம்ப்பு, அதுல உள்ள இறங்கற பக்கெட் வாஷரை பெரிய சைஸ்ல நெனைச்சுக்கங்க. அதனால தோல்தான். உங்க தாத்தா காலத்துல பண்ணினவன் சரியாத்தான் பண்ணியிருக்கான், எண்ணெய் விடாம காஞ்சு பொடியாப் போச்சு, அவ்ளோதான்.

இப்ப உங்க லேத் ஏன் கத்துதுன்னு பாப்போம். நீங்க போரிங் பார் (உள்பக்கம் வெட்டற டூலைத் தாங்கற கம்பி) சைஸ் சொல்லலை, மினி லேத்னா 8 மிமீ பார் போட்டு ஒரு 60 மிமீ வெளிய நீட்டி வச்சிருப்பீங்கன்னு நெனைக்கறேன். ஸ்டீல் பாருக்கு விட்டத்தைப் போல நாலு மடங்குக்கு மேல நீட்டினா அது தூண்டில் மாதிரி ஆட ஆரம்பிச்சுரும், 8 மிமீ பாருக்கு 32தான் கணக்கு. உங்க டைக்கு ஆழம் 20 மிமீ போதுமே, எதுக்கு நீட்டறீங்க? உள்ள தள்ளிப் பிடிங்க. அடுத்தது சென்டர் மட்டம், அதாவது ஜாப் (கடையற துண்டு) சுத்தற அச்சோட உயரம். வெளி டர்னிங்குக்கு டூல் முனை சரியா சென்டர்ல இருக்கணும், போரிங்குக்கு ஒரு மயிரிழை மேல வைங்க, வெட்டும்போது பார் கீழ அமுங்கும் பாருங்க, அப்ப சரியா வந்துரும். சென்டர் பார்க்க தெரியலைன்னா ஆறு இன்ச் ஸ்கேலை ஜாப்புக்கும் டூல் முனைக்கும் நடுவுல வச்சு கிராஸ் ஸ்லைடை (டூலைக் குறுக்கா நகர்த்தற தட்டை) மெதுவா திருப்பி லேசா கவ்வ விடுங்க, ஸ்கேல் நேரா நின்னா டூல் மட்டத்துல இருக்கு, மேல்நுனி உங்க பக்கம் சாஞ்சா டூல் கீழ இருக்கு, அந்தப்பக்கம் சாஞ்சா மேல இருக்கு. இதை நான் வேலைக்கு சேர்ந்த முதல் வாரம் எங்க மேஸ்திரி காட்டிக் குடுத்தது.

அப்புறம் கிராஸ் ஸ்லைடுலயும் அது மேல உக்கார்ற காம்பவுண்ட் ஸ்லைடுலயும் ஆட்டத்தை இறுக்கற ஜிப் ஸ்குரூ இருக்கும், சைனா லேத்துல அது எப்பவும் லூசாத்தான் வரும். கைப்பிடியைத் திருப்பும்போது வெண்ணெய்ல கத்தி போற மாதிரி ஒரே சீரா லேசான இறுக்கம் இருக்கணும், ஆட்டம் இருக்கவே கூடாது. போரிங் போடும்போது காம்பவுண்டை இறுக்கி வச்சுட்டு கேரேஜை (டூலைத் தாங்கி நீளவாக்குல ஓடற பாகத்தை) மட்டும் ஓட்டுங்க. ஸ்பீடு, அலுமினியம்னா 25 மிமீ விட்டத்துக்கு 600, 700 ஆர்பிஎம் தாராளமா போகலாம், எம்எஸ்னா (சாதா இரும்பு) ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலுக்கு 300க்கு மேல வேண்டாம். கத்தறப்ப ஸ்பீடைக் குறைங்க, ஃபீடை (டூல் முன்னேறற அளவை) கொஞ்சம் கூட்டுங்க. நிறைய பேரு பயந்துட்டு ஃபீடை குறைப்பாங்க, டூல் வெட்டாம தேய்க்கும், தேய்ச்சா இன்னும் கத்தும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் ரெண்டு சொட்டு பிரஷ்ல தொட்டு வச்சீங்கன்னா பளபளன்னு வரும்.

சிலிண்டர் விட்டத்தை வெர்னியர் உள்வாயில அளந்ததை நம்பாதீங்க. ஒரு அலுமினிய துண்டுல படிப்படியா 25.3, 25.4, 25.5ன்னு மூணு படி கடைஞ்சு அதை சிலிண்டர் வாயில விட்டுப் பாருங்க. எந்தப் படி போகுது எது நிக்குதுன்னு கையே சொல்லும். கீறல் பெருசா இல்லைன்னா 600 நம்பர் எமரியை ஒரு மரக்குச்சியில சுத்தி எண்ணெய் தொட்டு லேசா சுத்திவிட்டு மண்ணெண்ணெய்ல கழுவுங்க, அதுக்கு மேல தேய்க்காதீங்க.

தோலைப் பத்தி தெரிஞ்சவங்க வேற யாராவது வந்து சொல்லட்டும், நாங்க கம்பெனில ரெடிமேடா வாங்கிப் போட்டவங்க.

---

ஸ்பிரிங்மணி எழுதினது:

கெட்டி ஸ்பிரிங் போடுங்க நண்பா. எங்க ஊர்ல ஒருத்தர் டூவீலர் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கையே வெட்டி போட்டார், சத்தமே வேற மாதிரி வந்துச்சு, செம பவர்.

---

திருச்சி அக்கா எழுதினது:

மணி, தயவுசெஞ்சு இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீங்க. என் பொண்ணு மூணு வருஷமா 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகறா, கூட போயி போயி நானும் கொஞ்சம் கத்துக்கிட்டேன், அதனால உரிமையோட சொல்றேன்.

ஸ்பிரிங் கெட்டியானா பவர் கூடும்னு எல்லாரும் நெனைக்கறாங்க. உள்ள இருக்கற காத்தோட அளவு மாறலையே? பிஸ்டன் வேகமா போயி காத்து மேல மோதி திரும்ப குதிக்கும், அந்தக் குதியில சக்தி வீணாப் போயிடும், துப்பாக்கி கையில உதறும், குறி கலையும், ட்ரிகர் பிடிக்கிற கொக்கி சீக்கிரம் தேய்ஞ்சுடும். தேய்ஞ்ச கொக்கி ஒரு நாள் பேரல் மடங்கி இருக்கும்போதே விட்டுச்சுன்னா பேரல் விருட்டுனு மேல வந்து அடிக்கும், ரவை போட்டுட்டு இருக்கற வெரல் அங்கதான் இருக்கும். பேரலை மடக்கி ரவை போடற வரைக்கும் ஒரு கை பேரலை இறுகப் பிடிச்சே இருக்கணும், எங்க கோச் பிள்ளைங்களுக்கு முதல் நாளே சொல்லிக் குடுக்கறது இதுதான்.

சட்டம் வேற இருக்கு. 2016 ஆயுத விதிகள்படி 0.177க்குள்ள, 20 ஜூல் சக்திக்குள்ள இருக்கிற ஏர்கன்னுக்குத்தான் லைசென்ஸ் வேண்டாம். அதைத் தாண்டினா அது லைசென்ஸ் வேண்டிய ஆயுதம். ஸ்பிரிங்கை மாத்தி, துவாரத்தை மாத்தி அதைத் தாண்ட வைக்கிறது வீட்டுல உக்காந்து ஆயுதம் பண்றதுக்கு சமம், அது ஹாபி கிடையாது, ஜெயிலுக்குப் போற விஷயம். லேத் வச்சிருக்கிற தம்பிங்களுக்கு இன்னொண்ணும் சொல்றேன், பேரல், ட்ரிகர் கொக்கி இந்த ரெண்டையும் தொடாதீங்க. வாஷர், ஸ்பிரிங் கைடு, ஸ்குரூ, பின், புஷ், இதெல்லாம் தாராளமா பண்ணுங்க. பழைய ஸ்பிரிங் சுருங்கியிருந்தா அதே கம்பி கனம், அதே விட்டம், அதே சுத்து எண்ணிக்கைக்கு புதுசு வாங்குங்க. வாங்கினதும் கண்ணாடி மேல உருட்டிப் பாருங்க, நெளிஞ்சு நெளிஞ்சு உருண்டா வேண்டாம்னு திருப்பிக் குடுங்க. எங்க பொண்ணு முதல்ல பழகினது ஒரு சாதா ஸ்பிரிங் துப்பாக்கியிலதான், சக்தி ரொம்ப கம்மி, ஆனா பத்து மீட்டர்ல அட்டையில ஒரே இடத்துல குத்தும்.

கொக்கு, மடையான்னு எதையும் சுட்டுப் பார்க்காதீங்க தம்பி, 1972 வனவிலங்கு சட்டத்துல குற்றம் அது. அட்டைதான், பின்னாடி துணி மூட்டை.

---

ஆம்பூர்க்காரன் எழுதினது:

தோல் பத்தி கேட்டிருக்கீங்க, நம்ம ஏரியா. நான் டேனரியில பதினெட்டு வருஷமா வேலை செய்றேன், எங்கப்பா அதுக்கு முன்னாடி திண்டுக்கல்ல ஆவாரம்பட்டை குழியில வேலை செஞ்சவர்.

கடைக்குப் போயி சும்மா தோல் குடுங்கன்னு கேட்டீங்கன்னா குரோம் தோல் குடுத்துடுவாங்க. ஷூ மேல்பாகம், பர்ஸ், ஜாக்கெட்டு எல்லாம் அதுதான். வெட்டின ஓரத்தைப் பார்த்தா நடுவுல லேசா நீலம் தெரியும். அது மெத்துனு இருக்கும் ஆனா ஷேப் நிக்காது, ஈரமாக்கி அமுக்கி காய வச்சாலும் ரப்பர் மாதிரி திரும்ப விரிஞ்சுடும். உங்களுக்கு வேண்டியது பட்டை போட்டு பதனிட்ட தோல். ஆவாரம்பட்டை, கொன்னைப்பட்டை, கடுக்காய் இதுல ஊற வச்சு பண்றது, வெள்ளைக்காரன் காலத்துல இருந்து ஈஐ (ஈஸ்ட் இந்தியா) லெதர்னு கப்பல்ல போனது நம்ம ஊர் சரக்குதான், அதுக்கு புவிசார் குறியீடும் வாங்கியிருக்கு. நிறம் வெளுத்த வெல்லம் மாதிரி இருக்கும், ஓரத்தை முகர்ந்து பார்த்தா மரப்பட்டை வாசம் வரும். திண்டுக்கல், ஈரோடு, திருச்சி பக்கம் இன்னும் பண்றாங்க, மெட்ராஸ்னா பெரியமேடு போனா சின்ன துண்டு கூட வாங்கலாம். எருமைத் தோலோ மாட்டுத் தோலோ ஒரு நூல் மொத்தத்துக்கு கேளுங்க, ஆட்டுத் தோல் வேணாம், மெலிசு. முதுகுப்பக்கத்து துண்டா பார்த்து எடுங்க, வயித்துப்பக்கம் தொளதொளன்னு இருக்கும்.

செய்யற விதம் சொல்றேன். வட்டமா வெட்டி நடுவுல ஸ்குரூ ஓட்டை போட்டுக்குங்க. வெதுவெதுன்னு கூட இல்லாம சாதா தண்ணியில போடுங்க, குமிழி வந்துட்டே இருக்கும், குமிழி நின்னா உள்ள வரைக்கும் ஊறிடுச்சுன்னு அர்த்தம், அரை மணி நேரம் ஆகும். சீக்கிரம் ஆகட்டும்னு சுடுதண்ணி ஊத்திடாதீங்க, பட்டைத் தோல் சுடுதண்ணியில சுருங்கி பிஸ்கட் மாதிரி ஆயிடும், அப்புறம் அதை குப்பையிலதான் போடணும். ஊறினதும் எடுத்து ஈரத்துணியில சுத்தி ஒரு மணி நேரம் வச்சா நல்லா இசையும். டையில வச்சு வைஸ்ல மெதுவா, நிறுத்தி நிறுத்தி இறுக்குங்க. ஒரே மூச்சுல அமுக்கினா மூலையில கிழியும். அப்படியே வைஸோட நிழல்ல ரெண்டு நாள். வெயில்ல வைக்காதீங்க.

முக்கியமான விஷயம், டையை எம்எஸ்ல பண்ணாதீங்க. பட்டைச் சாறும் இரும்பும் சேர்ந்தா மை மாதிரி கறுத்துடும், பழைய காலத்துல மையே கடுக்காயும் அன்னபேதியும் போட்டுத்தான் காய்ச்சினாங்க. கறுக்கிறது மட்டும் இல்ல, அந்த இடத்துல தோல் நாளாக நாளாக இத்துப்போகும். அலுமினியம், பித்தளை, நைலான் எது வேணா சரி. வைஸ் தாடைக்கு நடுவுல கூட பலகைத் துண்டு வச்சுக்குங்க.

---

குன்னூர் குளிர் எழுதினது:

ஆம்பூர் அண்ணன் அருமையா சொன்னார். நான் எண்ணெய் பத்தி மட்டும் சொல்லிக்கறேன், ஏன்னா அதுல நான் அடிபட்டவன். எங்கம்மா ஸ்டவ் வாஷருக்கு தேங்காய் எண்ணெய்தான் விடுவாங்க, அதே ஞாபகத்துல நானும் ஏர்கன் வாஷருக்கு தேங்காய் எண்ணெய் போட்டேன். கோயமுத்தூர் வெயிலுக்கு அது தெரியாது, இங்க டிசம்பர்ல 24 டிகிரிக்கு கீழயே எப்பவும், எண்ணெய் உறைஞ்சு மெழுகாகி பிஸ்டன் சோம்பேறி மாதிரி நகருது. கொஞ்ச நாள்ல சிக்கு வாடையும் பிசுபிசுப்பும் வேற.

அதை விட மோசம் மெஷின் ஆயில், ஸ்பிரேல வர்ற துரு எண்ணெய் இதெல்லாம் காத்து அறைக்குள்ள விடுறது. பிஸ்டன் காத்தை அமுக்கறப்ப உள்ள சூடு எகிறும், டீசல் இன்ஜின்ல பிளக் இல்லாம பத்திக்குதே அதே மாதிரி எண்ணெய் ஆவி பத்திக்கும், டமார்னு சத்தம், பேரல் வாயில நீலப்புகை. பாக்க வீரமா இருக்கும், ஆனா ஸ்பிரிங்கும் வாஷரும் சீக்கிரம் செத்துடும். தோல் வாஷருக்கு நீட்ஸ்ஃபுட் ஆயில்தான் நல்லது, மாட்டுக் காலெலும்புல எடுக்கறது, குதிரைச் சேணத்துக்கு போடுவாங்க, தோல் சாமான் கடையில கேட்டா கிடைக்கும். புது வாஷரை ஒரு ராத்திரி அதுல ஊறப்போட்டு எடுத்து நல்லா ஒத்தித் துடைச்சுட்டு போடுங்க, அப்புறம் மாசத்துக்கு ரெண்டு சொட்டு. புதுசுல முதல் பத்து ரவை வரைக்கும் லேசா புகையும், பயப்படாதீங்க.

இன்னொண்ணு, பேரல் மடங்கற இடத்துல சின்ன வளைய வாஷர் ஒண்ணு இருக்கும், அதையும் பாருங்க. அந்த ஜாயின்ட் மேல ஒரு டிஷ்யூ பேப்பர் கீத்து வச்சு சுடுங்க, பேப்பர் பறந்தா அங்க காத்து கசியுது. நிறைய பேரு பிஸ்டன் வாஷரை மாத்திட்டு இதை விட்டுருவாங்க.

---

சாணக்கல் எழுதினது:

ஆம்பூர்க்காரர் சொன்னதுக்கு நன்றிங்க, இரும்பு பட்டா கறுக்கும்னு இத்தனை வருஷத்துல எனக்கே தெரியாது.

தம்பி, டை அளவு கணக்குப் போட்டுட்டேன். வெளி வளையத்தோட துவாரம் 25.6, சிலிண்டரை விட 20 பாயிண்ட் கூட, அதாவது மிமீல 0.2. காயறப்ப தோல் கொஞ்சம் சுருங்கும், மிச்சத்தை தேய்ச்சு எடுத்துக்கலாம். தோல் ஒரு நூல்னா 3.2 மிமீ, ரெண்டு பக்கமும் 6.4. கழிச்சா 19.2 வரும், ஆனா ஈரத்தோல் அமுங்கி இறுகணும், அதனால உள்பிளக் 19.8 வைங்க. வளையத்தோட வாயில 3 மிமீ ரேடியஸ் கட்டாயம், கூர் முனை இருந்தா தோலை அறுத்துடும். ஃபார்ம் டூல் (அந்த வளைவுக்கே தீட்டின டூல்) இல்லைன்னா அரத்துல உருட்டி எமரி போட்டாலும் போதும். பிளக் முனையிலயும் லேசா உருட்டுங்க. காஞ்சதும் பிளக்கோடயே சக்குல (லேத்தோட பிடிப்பு வாயில) பிடிச்சு 200 ஆர்பிஎம்ல ஓட விட்டு, புது பிளேடை கட்டையில தாங்கி விளிம்பை சீவுங்க, அப்புறம் 220 எமரியை லேசா தொட்டு சிலிண்டர்ல வச்சு வச்சு பாருங்க. கட்டை வெரல் அழுத்தத்துக்கு போகணும், தானா விழக்கூடாது, சுத்தியல் கேட்கவும் கூடாது.

ஸ்பிரிங் திரும்ப மாட்டறதுக்கு லேத் டெயில்ஸ்டாக்ல (லேத்தோட எதிர்முனைத் தாங்கியில) வச்சு அமுக்கலாம்னு தோணும். வேண்டாம். அதுல முன்னபின்ன நகர்ற குவில் குழலோட ஓட்டம் கம்மி, பாதி அமுங்கினப்ப ஓட்டம் முடிஞ்சுபோச்சுன்னா கையைப் பிசைஞ்சுட்டு நிக்கணும், நழுவினா உங்க ஷெட்டுல இன்னொரு ஓட்டை. ஒரு சி சேனல்ல ரெண்டு பக்கமும் தட்டு வெல்டு பண்ணி 16 மிமீ மரை ராடு ஒண்ணு விட்டு தனியா பிரஸ் மாதிரி பண்ணிக்கங்க. ராடு முனையில ஒரு கிண்ணம் கடைஞ்சு போட்டா பிளாக் நழுவாது. உங்க கைக்கு அரைநாள் வேலை.

---

பீளமேட்டுப்பையன் எழுதினது (பதினெட்டு நாள் கழிச்சு):

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றிங்க. இவ்ளோ பேரு இவ்ளோ விவரமா எழுதுவீங்கன்னு நெனைக்கலை.

போரிங் கத்தினதுக்கு காரணம் சாணக்கல் ஐயா சொன்ன மாதிரியே, 8 மிமீ பார், அளந்து பார்த்தா 58 மிமீ நீட்டி வச்சிருக்கேன். 30க்கு உள்ள தள்ளி, ஜிப்பை இறுக்கி, மண்ணெண்ணெய் தொட்டு போட்டேன், சத்தமே இல்லாம மெல்லிசா சுருள் சுருளா வந்துச்சு, உள்பக்கம் கண்ணாடி. ஒரு வருஷமா இந்த லேத்தை குறை சொல்லிட்டு இருந்திருக்கேன். படி வச்ச கேஜுல 25.4 படி போகலை, 25.3 போச்சு, மறுபடி 25.35 ஒரு படி கடைஞ்சு பார்த்தேன், அது சிணுங்கிட்டே போச்சு, அதனால டையை 25.55க்கு முடிச்சேன்.

தோல் ஈரோட்டுல கிடைச்சுது. கடைக்காரர்கிட்ட பட்டைத்தோல் வேணும்னு சொல்லி ஓரத்தை முகர்ந்து பார்த்ததும் அவர் சிரிச்சுட்டு உள்ள போயி வேற தோல்கட்டு எடுத்துட்டு வந்து குடுத்தார், கை அகலத்துண்டுக்கு காசே வாங்கலை. முதல் வாஷர் அவசரப்பட்டு அமுக்கி மூலையில கிழிச்சுட்டேன். ரெண்டாவது நல்லா வந்துச்சு. டையில இருந்து எடுத்தப்ப நல்ல மரக்கிண்ணம் மாதிரி டொக் டொக்னு சத்தம் குடுக்குது, தேன் கலர், விளிம்பு அவ்ளோ நேர்த்தி. என் லேத்துல இது வரைக்கும் பண்ணினதுலயே எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான், அதை பிஸ்டன்ல மாட்டி உள்ள விட்டுட்டா இனி கண்ணுல படாதேன்னு ஒரு நாள் முழுக்க மேஜை மேலயே வச்சிருந்தேன்.

மரை ராடு பிரஸ் பண்ணி ஸ்பிரிங்கை பூட்டினேன், ஒரு பயமும் இல்லை. ஸ்பிரிங் அதே அளவுக்கு புதுசு வாங்கினது. பேரல் ஜாயின்ட்ல பேப்பர் பறந்துச்சு, மிச்ச தோல்ல அதுக்கும் ஒரு வளையம் வெட்டிப் போட்டதும் நின்னுபோச்சு.

வேகம் பார்க்கறதுக்கு மிஷின் எல்லாம் இல்லைங்க, போன்ல ரெக்கார்டர் ஓட விட்டு துப்பாக்கி பக்கத்துல வச்சு, சரியா பத்து மீட்டர்ல பழைய தகர டப்பா வச்சு சுட்டேன். சுட்ட சத்தத்துக்கும் டப்பா சத்தத்துக்கும் நடுவுல 0.109 செகண்ட். டப்பா சத்தம் பத்து மீட்டர் திரும்பி வர 0.029 கழிச்சா ரவை போக 0.080, அதாவது செகண்டுக்கு 125 மீட்டர். அரை கிராம் ரவைக்கு கணக்குப் போட்டா 3.9 ஜூல். அஞ்சு தடவை சுட்டதுலயும் ஏறக்குறைய அதே. அக்கா சொன்ன 20க்கு ரொம்பக் கீழ, ஆனா அட்டையில பத்து மீட்டர்ல ஒரு ரூபா காசுக்குள்ள விழுது, எனக்கு அது போதும்.

ஞாயித்துக்கிழமை அப்பாவை மொட்டை மாடிக்கு கூட்டிட்டுப் போயி பழைய மெத்தை ரெண்டை பின்னாடி நிக்க வச்சு கையில குடுத்தேன். மடக்கறப்பவே அந்த இழுவை தெரிஞ்சுது போல, என்னை ஒரு பார்வை பார்த்தார். தீப்பெட்டி மூணாவது ரவையில விழுந்துச்சு. அப்புறம் ஒண்ணும் சொல்லாம தாத்தா உக்கார்ற அந்த தண்ணித்தொட்டி திட்டுல உக்காந்து டப்பாவுல இருந்த ரவை தீர்ற வரைக்கும் சுட்டார், அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் இறங்கலை.

இன்னும் ஒரே ஒரு குறை. பேரல் மடங்கற போல்ட்டு இடத்துல பக்கவாட்டுல ஆட்டம் இருக்கு, டயல் கேஜ் வச்சுப் பார்த்தா 15 பாயிண்ட். கன்மெட்டல்ல (ஒரு வகை வெண்கலம்) ரெண்டு பக்கமும் மெல்லிசா ஒரு வாஷர் கடைஞ்சு போட்டா சரியாகுமா?

---

சாணக்கல் எழுதினது:

ஆகுமுங்க தம்பி. ஆனா முதல்ல போல்ட்டைக் கழட்டி மைக்ரோமீட்டர்ல நடுவுலயும் ஓரத்துலயும் அளங்க, போல்ட்டே தேய்ஞ்சிருந்தா வாஷர் போட்டு பிரயோஜனம் இல்லை, போல்ட்டு புதுசு கடையணும். அளவை எழுதுங்க, பாத்துட்டு சொல்றேன். அந்த தோல் கிண்ணத்துக்கு போட்டோ எடுத்திருந்தா அதையும் போடுங்க.